மின்னோட்டத்துக்குத் திசை இருக்கிறதே, அப்புறம் ஏன் அது ஸ்கேலர்?

குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது. ஸ்கேலர் என்றால் எண்மதிப்பு மட்டும், வெக்டர் என்றால் எண்மதிப்பும் திசையும். வரையறையும் மனப்பாடம், பட்டியலும் மனப்பாடம். ஆனால் மின்னோட்டத்துக்குப் புத்தகமே அம்புக்குறி போட்டுத் திசை காட்டுகிறது, அதை ஏன் ஸ்கேலர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்? மைனஸ் என்றால் எதிர்த்திசை என்கிறார்கள், அப்படியானால் மைனஸ் 10 டிகிரி வெப்பநிலைக்கு என்ன திசை? விசையும் வெக்டர், இடப்பெயர்ச்சியும் வெக்டர், இரண்டையும் பெருக்கி வரும் வேலை மட்டும் எப்படி ஸ்கேலர் ஆனது? பரீட்சையில் காரணம் கேட்டால் என்ன எழுதுவது?

தம்பி, அந்த இரண்டு வரி வரையறை பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் இவ்வளவு சந்தேகம். எண்மதிப்பும் திசையும் வெக்டருக்கு வேண்டும், சரி. மூன்றாவதாக இன்னொன்றும் வேண்டும்: அதே வகை அளவுகள் இரண்டைக் கூட்டினால் அவை முக்கோண விதிப்படி கூட வேண்டும் (ஒரு அம்பின் நுனியில் அடுத்த அம்பின் வாலை வைத்து, முதல் வாலிலிருந்து கடைசி நுனிக்கு அம்பு போட்டால் அதுதான் கூட்டுத்தொகை; இணைகர விதி என்று சொன்னாலும் அதேதான்). இந்த மூன்றாவது நிபந்தனையைப் பல ஆசிரியர்கள் பிற்பாடு 'வெக்டர் கூட்டல்' என்று தனிப் பாடமாக நடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள், அது வரையறையின் ஒரு பகுதி என்று சொல்வதில்லை. எனக்கு இதில் ரொம்ப நாளாக வருத்தம் உண்டு, ஏனென்றால் மாணவர்கள் குழம்புவது முக்கால்வாசி இந்த இடத்தில்தான்.

3 கிலோ அரிசியும் 4 கிலோ அரிசியும் சேர்ந்தால் 7 கிலோ. வேலூரில் நிறுத்தாலும் வாலாஜாவில் நிறுத்தாலும் 7 தான், அதில் பேச ஒன்றும் இல்லை. 3 நியூட்டன் விசையும் 4 நியூட்டன் விசையும் சேர்ந்தால்? இரண்டுக்கும் நடுவே என்ன கோணம் என்று கேட்காமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரே பக்கமாக இழுத்தால் 7. நேரெதிராக இழுத்தால் 1. செங்குத்தாக இழுத்தால் 5. 60 டிகிரியில் இழுத்தால் சுமார் 6.08. கோணத்தை மாற்றிக்கொண்டே போனால் 1 முதல் 7 வரை எந்த எண் வேண்டுமானாலும் வரும்.

இதைத் தேர்த் திருவிழாவில் கண்ணால் பார்க்கலாம். தேருக்கு முன்னால் இரண்டு வடம், ஒவ்வொரு வடத்திலும் மொத்தமாக 1000 நியூட்டன் இழுவிசை இருக்கிறது என்று வைத்துக்கொள் (உண்மையில் இதைவிடப் பல மடங்கு வேண்டும், கணக்குக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இந்த எண்). இரண்டு வடமும் இணையாகப் போனால் தேருக்குக் கிடைப்பது 2000. இரண்டுக்கும் நடுவே 60 டிகிரி விரிந்தால் 1732. 90 டிகிரி விரிந்தால் 1414. 120 டிகிரி விரிந்தால் வெறும் 1000, அதாவது இரண்டு வடத்துக்காரர்களும் மூச்சு முட்ட இழுத்தும் ஒரு வடத்துக்குரிய பலன்தான். வீதி அகலமாக இருக்கிறதே என்று கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டே போனால், ஆட்களும் அதே, பலமும் அதே, தேர் நகர்வது மட்டும் கடினமாகிக்கொண்டே வரும்.

மீதிப் பலம் எங்கே போனது என்று கேட்கிறாய் அல்லவா, கேட்க வேண்டும். 60 டிகிரி விரிந்திருக்கும்போது ஒவ்வொரு வடமும் தேர் போகும் திசைக்கு 30 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஆக ஒவ்வொரு வடத்தின் 1000 நியூட்டனையும் இரண்டு கூறுகளாகப் பிரிக்கலாம்: முன்னோக்கி 1000 பெருக்கல் கொசைன் 30, அது 866, பக்கவாட்டில் 1000 பெருக்கல் சைன் 30, அது 500. முன்னோக்கிய கூறுகள் இரண்டும் ஒரே திசை, சேர்ந்து 1732 ஆகிவிடும். பக்கவாட்டுக் கூறுகளில் ஒன்று இடது, ஒன்று வலது, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்ஜியம். மக்களின் உழைப்பு உண்மையானதுதான், ஆனால் அதில் ஒரு பகுதி எதிர்வரிசைக்காரர்களை இழுத்துப் பிடிப்பதிலேயே போய்விட்டது. கூறுகளாகப் பிரி, ஒரே அச்சில் இருப்பவற்றை மட்டும் சாதாரணமாகக் கூட்டு, கடைசியில் பிதாகரஸ் தேற்றத்தால் சேர்த்துவிடு. வெக்டர் கூட்டல் இவ்வளவுதான். புத்தகத்தில் இருக்கும் சூத்திரம், அதாவது முதல் விசையின் வர்க்கம், இரண்டாம் விசையின் வர்க்கம், அப்புறம் இரண்டையும் பெருக்கி அதை இரண்டாலும் கோணத்தின் கொசைனாலும் பெருக்கியது, மூன்றையும் கூட்டி வர்க்கமூலம் எடு என்பது, இந்த வேலையையே ஒரே மூச்சில் செய்வது. சூத்திரம் மறந்துபோனால் கவலைப்படாதே, கூறுகளாகப் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

தூரம், இடப்பெயர்ச்சி பற்றி நீ கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. இடப்பெயர்ச்சி என்பது புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேராகப் போடும் அம்பு. வேலூர்க் கோட்டை அகழியை வெளிப்பக்கமாக ஒரு முழுச் சுற்று நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தால் நடந்த தூரம் கால் வலிக்கிற அளவுக்கு இருக்கும், இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம். இரண்டுக்கும் அலகு மீட்டர்தான். அலகைப் பார்த்து ஸ்கேலரா வெக்டரா என்று முடிவு செய்யவே முடியாது, இதற்கு இன்னொரு நல்ல உதாரணம் பின்னால் வரும்.

வேகம், திசைவேகம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு வளைவில் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் வடக்கே பார்த்து நுழைகிறது, அதே 30 இல் தெற்கே பார்த்து வெளியே வருகிறது. ஸ்பீடோமீட்டர் முள் அசையவே இல்லை. ஸ்கேலர் கணக்குப்படி மாற்றம் பூஜ்ஜியம். வெக்டர் கணக்குப்படி வடக்கே பிளஸ் 30 ஆக இருந்தது மைனஸ் 30 ஆகிவிட்டது, மாற்றம் 60, அதுவும் தெற்கு நோக்கி. வளைவைக் கடக்க 5 வினாடி ஆனது என்றால் மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர், ஆக சராசரி முடுக்கம் வினாடிக்கு வினாடி 3.3 மீட்டர். இது கொஞ்சமான முடுக்கம் இல்லை, பேருந்தில் நிற்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். வேகம் மாறாமல் முடுக்கம் எப்படி வரும் என்று வட்ட இயக்கப் பாடத்தில் குழம்புகிறவர்கள் எல்லோரும் முள்ளை மட்டும் பார்க்கிறார்கள், வண்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனதில் ஒட்டாது, பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகத்தான் கிடக்கிறது. 2021 நவம்பரில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியதை நீ பார்த்திருந்தால் அதை நினைத்துக்கொள். ஆற்றின் அகலம் 600 மீட்டர், தண்ணீர் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது, மீட்புப் படகு நேர் எதிர்க்கரையைப் பார்த்து வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைப்போம். கரையில் நிற்பவருக்குப் படகு 5 மீட்டர் வேகத்தில் சாய்வாகப் போவது தெரியும். கடக்க எவ்வளவு நேரம்? 600 ஐ 5 ஆல் வகுத்து 120 வினாடி என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சரியான விடை 600 ஐ 3 ஆல் வகுத்த 200 வினாடி, ஏனென்றால் ஆற்றைக் குறுக்கே கடத்துவது அந்தக் குறுக்குக் கூறு மட்டும்தான். அந்த 200 வினாடியில் தண்ணீர் படகை 800 மீட்டர் கீழே தள்ளியிருக்கும். வெள்ளம் இரண்டு மடங்கு வேகமாக ஓடினாலும் கடக்கும் நேரம் அதே 200 வினாடிதான், போய்ச் சேரும் இடம்தான் மாறும். செங்குத்தான கூறுகள் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடாது என்பது வெக்டர் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எறிபொருள் இயக்கம் முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வருகிற காற்று. அதன் திசைவேக வெக்டரை வரையும்போது அம்பு தென்மேற்கைப் பார்க்க வேண்டும். ரயிலைப் போகும் ஊரை வைத்தும் காற்றை வரும் பக்கத்தை வைத்தும் சொல்லும் பழக்கம் நமக்கு இருப்பதால் கணக்கில் அம்பு தலைகீழாகிவிடுகிறது.

இப்போது மின்னோட்டத்துக்கு வருவோம்.

ஒரு சந்தியில் மூன்று கம்பிகள் சேர்கின்றன. ஒன்றில் 2 ஆம்பியர் உள்ளே வருகிறது, இன்னொன்றில் 3 ஆம்பியர் உள்ளே வருகிறது. மூன்றாவது கம்பியில் வெளியே போவது 5 ஆம்பியர். இதுதான் கிர்க்காஃப் மின்னோட்ட விதி. இப்போது அந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருக்கும் கோணத்தை மாற்று. 30 டிகிரி வை, 90 வை, கிட்டத்தட்ட எதிரெதிராக 170 வை. அம்மீட்டர் ஒவ்வொரு தடவையும் 5 தான் காட்டும். 90 டிகிரியில் 2 உம் 3 உம் வெக்டர்களாக இருந்தால் 3.6 அல்லவா வந்திருக்க வேண்டும்? வராது, ஏனென்றால் அம்மீட்டர் எண்ணுவது ஒரு வினாடிக்கு எவ்வளவு மின்னூட்டம் கடந்துபோகிறது என்பதை, மின்னூட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மொத்தக் கணக்கு மாறாது. மேல்நிலைத் தொட்டிக்கு இரண்டு குழாயில் தண்ணீர் ஏறுகிறது, நிமிடத்துக்கு ஒன்றில் 2 குடம், ஒன்றில் 3 குடம் என்றால் தொட்டியில் நிமிடத்துக்கு 5 குடம் சேரும், குழாய்கள் எந்தச் சுவர் வழியாக வந்தன என்று தொட்டிக்குக் கவலை இல்லை. அதே மாதிரிதான்.

அப்படியானால் புத்தகத்தில் போட்ட அம்பு எதற்கு? கம்பி வழியாக இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்வதற்கு. இரண்டே வாய்ப்பு, ஒரு பிளஸ் மைனஸ் குறி போதும். கம்பியை நீ வளைத்து, சுருட்டி, முடிச்சுப் போட்டாலும் அதில் ஓடும் 2 ஆம்பியர் 2 ஆம்பியர்தான், அம்பு கம்பியோடு சேர்ந்து வளையும். வெக்டரின் திசை இப்படிக் கம்பியின் போக்குக்கு வளைந்து கொடுப்பது இல்லை, அது வெளியில், அதாவது முப்பரிமாண இடத்தில், ஒரு குறிப்பிட்ட பக்கத்தைக் காட்டும். அப்படிப்பட்ட திசை மின்சாரத்தில் வேண்டும் என்றால் அதற்குத் தனி அளவு இருக்கிறது: மின்னோட்ட அடர்த்தி. கம்பிக்குள் ஒரு புள்ளியில், ஓரலகுப் பரப்பு வழியாக எவ்வளவு மின்னோட்டம், எந்தப் பக்கம் என்று சொல்வது அது. அது முழு வெக்டர். அந்த வெக்டரையும் பரப்பு வெக்டரையும் (பரப்பின் அளவும் அதற்குச் செங்குத்தான திசையும்) புள்ளிப் பெருக்கல் செய்து (அது என்ன என்று வேலையைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்) கூட்டினால் வருவது மின்னோட்டம், புள்ளிப் பெருக்கலின் விடை எப்போதும் ஸ்கேலர்.

அழுத்தமும் இதே வரிசையில் வரும். அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது, விசைக்குத் திசை உண்டு, அப்புறம் அழுத்தத்துக்கு ஏன் இல்லை என்று அடுத்து நீயே கேட்பாய். நம் பக்கத்து விவசாயக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களுக்கு இது காதில் தெரியும். 3 மீட்டர் ஆழத்துக்கு முங்கினால் தண்ணீரால் வரும் கூடுதல் அழுத்தம் சுமார் 29,400 பாஸ்கல், காது அடைத்து வலிக்கும். அந்த ஆழத்திலேயே தலையை இடது பக்கம் திருப்பிப் பார், வலது பக்கம் திருப்பிப் பார், தலைகீழாகக்கூட இருந்து பார், காது அதே ஆழத்தில் இருக்கிறவரை வலி குறையாது. ஒரு புள்ளியில் திரவ அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு. திசை எப்போது வருகிறது என்றால் அங்கே ஒரு பரப்பை, உன் செவிப்பறையையோ பம்பு செட்டின் வால்வையோ, வைக்கும்போது. விசை அந்தப் பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளும். திசையைக் கொண்டுவந்தது பரப்பு, அழுத்தம் இல்லை.

இதுவரை பார்த்தது திசை இருப்பது போலத் தெரிந்தும் வெக்டர் ஆகாதவை. இன்னும் பிடிவாதமான உதாரணம் ஒன்று உண்டு: எண்மதிப்பும் இருக்கும், முப்பரிமாணத்தில் தெளிவான திசையும் இருக்கும், ஆனாலும் வெக்டர் இல்லை. ஒரு பொருளைப் பெரிய கோணத்துக்குச் சுழற்றுவது. எவ்வளவு கோணம் என்பது எண்மதிப்பு, எந்த அச்சைச் சுற்றி என்பது திசை. வெக்டர் என்றால் முதலாவதையும் இரண்டாவதையும் எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும், தெரியும்தானே.

இயற்பியல் புத்தகத்தையே மேசையில் வை, முன்னட்டை மேலே, புத்தகத்தின் தலைப்பகுதி உனக்கு எதிர்ப்பக்கம், தைத்த முதுகு உன் இடப்பக்கம். இரண்டு சுழற்சிகள்: ஒன்று, தலைப்பகுதியைத் தூக்கிப் புத்தகத்தை 90 டிகிரி நிமிர்த்துவது, அதாவது இடது வலதாகப் போகும் அச்சைச் சுற்றி. இரண்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் பக்கமாக 90 டிகிரி திருப்புவது, அதாவது செங்குத்து அச்சைச் சுற்றி. முதலில் நிமிர்த்து, பிறகு திருப்பு: புத்தகம் தலை மேலே இருக்க நேராக நிற்கும், அட்டை உன் இடப்பக்கத்தைப் பார்க்கும். மறுபடி பழையபடி வைத்துவிட்டு இப்போது முதலில் திருப்பு, பிறகு அதே இடது வலது அச்சைச் சுற்றி அதே பக்கமாக நிமிர்த்து: தைத்த முதுகு மேலே வந்துவிடும், தலைப்பகுதி வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அட்டை உன்னைப் பார்க்கும். அதே இரண்டு சுழற்சி, வரிசை மட்டும் வேறு, விடை வேறு. கூட்டல் விதியில் தோற்றுவிட்டது, ஆகவே வெக்டர் இல்லை. கோணம் மிக மிகச் சிறியதாக இருந்தால் வரிசையால் வரும் இந்த வித்தியாசம் மறைந்துவிடும், அதனால் கோணத் திசைவேகம் (வினாடிக்கு எவ்வளவு கோணம், எந்த அச்சைச் சுற்றி என்பது) மட்டும் நல்ல வெக்டராக இருக்கிறது. இதைப் படித்துவிட்டுப் போகாதே, புத்தகத்தைக் கையில் எடுத்துச் செய்து பார்.

மைனஸ் 10 டிகிரிக்கு வருகிறேன். மைனஸ் குறிக்கு இயற்பியலில் ஒரே பொருள் என்று நினைப்பதுதான் இங்கே சிக்கல். வெப்பநிலையில் மைனஸ் என்றால் நாம் வைத்த பூஜ்ஜியத்துக்குக் கீழே என்று மட்டும் பொருள். செல்சியஸில் பூஜ்ஜியத்தைத் தண்ணீர் உறையும் இடத்தில் வைத்தார்கள். அதே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் பாரன்ஹீட்டில் பிளஸ் 14, கெல்வினில் 263.15. தெர்மாமீட்டரை மாற்றியதும் மைனஸ் காணாமல் போய்விட்டது, உண்மையான திசை அப்படிக் காணாமல் போகாது. மே மாதத்து வேலூரில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும்போது யாரும் எந்தப் பக்கம் 40 என்று கேட்பதில்லை, கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் மைனஸ் இருக்கிறது, அது வகையைக் காட்டுகிறது. வேலை, நிலை ஆற்றல், மின்னழுத்தம் எல்லாம் மைனஸ் ஆகலாம், எல்லாம் ஸ்கேலர்.

வெக்டரின் கூறில் வரும் மைனஸ் வேறு. ஒரு பந்தை வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறிகிறாய், மேல்நோக்கியதைப் பிளஸ் என்று வைத்திருக்கிறாய், காற்றுத் தடையை விட்டுவிடு. 4 வினாடியில் அது கைக்குத் திரும்பும்போது வேகம் 19.6, திசைவேகம் மைனஸ் 19.6, போன தூரம் 39.2 மீட்டர், இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம், முடுக்கம் ஆரம்பம் முதல் கடைசி வரை, உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதுகூட, மைனஸ் 9.8. இப்போது கீழ்நோக்கியதைப் பிளஸ் என்று மாற்றிக்கொள். திசைவேகம், முடுக்கம் இரண்டின் குறியும் தலைகீழாகும். அன்றைய வெப்பநிலையின் குறி மாறுமா, பந்தின் நிறை மாறுமா? மாறாது. அச்சைத் திருப்பினால் குறி மாறுகிறதா என்று கேள், மைனஸ் எந்த வகை என்று உடனே தெரிந்துவிடும்.

இதையே கொஞ்சம் நீட்டினால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சோதனை கிடைக்கும். கிழக்கே 3, வடக்கே 4 என்று கூறுகள் உள்ள 5 நியூட்டன் விசை இருக்கிறது. அச்சுகளைச் சுற்றி, ஒரு அச்சு நேராக விசையின் மேலேயே படும்படி வைத்தால் கூறுகள் 5, 0 என்று ஆகிவிடும். எண்கள் மாறின, ஆனால் ஒரு ஒழுங்கோடு மாறின, நீளம் 5 மாறவில்லை. அச்சைச் சுற்றினால் இப்படி ஒழுங்காக மாறும் கூறுகள் உடையது வெக்டர், எதுவுமே மாறாதது ஸ்கேலர். வெப்பநிலைக்கு இந்தச் சோதனைதான் சரியாகப் பொருந்தும், ஏனென்றால் 30 டிகிரித் தண்ணீர் இரண்டு டம்ளர் கலந்தால் 60 டிகிரி ஆவதில்லை, ஸ்கேலர் எல்லாம் சாதாரணமாகக் கூட்டப்படும் என்ற வாக்கியம் அங்கே பொருளற்றது. சாய்தளக் கணக்கில் அச்சைச் சரிவோடு சேர்த்துச் சாய்த்து வைக்கச் சொல்வதும் இந்த உரிமையை வைத்துத்தான், உண்மை மாறாது, கணக்கு சுலபமாகும்.

வேலை ஏன் ஸ்கேலர்? இரண்டு வெக்டரைப் பெருக்க இரண்டு வழி இருக்கிறது. முதலாவது புள்ளிப் பெருக்கல்: ஒன்றின் எண்மதிப்பை மற்றது அதன் திசையில் கொடுக்கும் கூறால் பெருக்குவது. 'எவ்வளவு ஒத்துப்போகிறது' என்பதற்கான எண் அது, அதற்குத் திசை என்று ஒன்று மிஞ்சுவதில்லை. காட்பாடி ஜங்ஷனில் போர்ட்டர் 20 கிலோ பெட்டியைத் தலையில் சுமந்து பிளாட்பாரத்தின் நீளம் முழுவதும் சீராக நடக்கிறார். அவர் பெட்டிக்குக் கொடுக்கும் விசை 196 நியூட்டன், மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி கிடைமட்டம், கொசைன் 90 பூஜ்ஜியம், ஆக அந்த விசை பெட்டியின் மேல் செய்த வேலை பூஜ்ஜியம். அவர் களைத்துப்போவது முழுக்க உண்மை, தசைகள் இழுத்துப் பிடித்து நிற்கவே உடம்பு ஆற்றலைச் செலவழிக்கிறது, ஆனால் அந்த ஆற்றல் பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை. அதே போர்ட்டர் படியேறும்போது கதை வேறு.

வேலை ஸ்கேலராக இருப்பதால் கிடைக்கும் சௌகரியத்தையும் பார். 50 கிலோ உள்ள ஒருவர் மலைப்பாதையில் மொத்தம் 700 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்றால் புவியீர்ப்புக்கு எதிரான வேலை 50 பெருக்கல் 9.8 பெருக்கல் 700, அதாவது 3,43,000 ஜூல். 14 வளைவு வழியாகப் போனாலும் செங்குத்தாகப் பாறையைப் பிடித்து ஏறினாலும் அதே எண். ஒவ்வொரு வளைவிலும் திசை பார்த்து வெக்டர் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆற்றல் முறையில் பல கணக்குகள் நாலு வரியில் முடிவது இதனால்தான்.

இரண்டாவது வழி குறுக்குப் பெருக்கல், அதில் விடை வெக்டர். பஞ்சர் கடையில் ஸ்பேனர் போட்டு நட்டைக் கழற்றுகிறார்கள். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 200 நியூட்டன் விசையைச் செங்குத்தாகக் கொடுத்தால் திருப்பு விசை, அதாவது விசையின் சுழற்றும் பலன், 50 நியூட்டன் மீட்டர், அதன் திசை நட்டு எந்தப் பக்கம் நகரும் என்று வலது கைத் திருகு விதி சொல்லும் அச்சின் வழியே. அலகைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு முன்பு சொன்ன உதாரணம் இதுதான்: வேலைக்கும் அலகு நியூட்டன் மீட்டர், திருப்பு விசைக்கும் அலகு நியூட்டன் மீட்டர். ஒன்று ஸ்கேலர், ஒன்று வெக்டர். வேலையை ஜூல் என்று அழைப்பதும் திருப்பு விசையை ஜூல் என்று ஒருபோதும் அழைக்காததும் இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான்.

இதெல்லாம் சும்மா வகைப்படுத்தி வைக்கும் வேலை என்று நினைத்துவிடாதே. அயர்லாந்துக் கணித மேதை ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் ஒரு பாலத்தருகே நடந்துகொண்டிருந்தபோது குவாட்டர்னியன் என்ற நான்கு பகுதி எண்களுக்கான விதியைக் கண்டுபிடித்தார். ஸ்கேலர், வெக்டர் என்ற பெயர்களை இயற்கணிதத்துக்குள் கொண்டுவந்தவரும் அவரே. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1865 இல் மின்காந்தக் கொள்கையை வெளியிட்டபோது ஒவ்வொரு கூறையும் தனித்தனியாக எழுதியதால் அது 20 சமன்பாடுகளாக இருந்தது. பிறகு அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியாக இன்று நீ படிக்கும் வெக்டர் முறையை உருவாக்கினார்கள், ஹெவிசைடு அந்த மேக்ஸ்வெல் சமன்பாடுகளை நான்காகச் சுருக்கினார். புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல் என்று பிரித்து வைத்ததும் அந்தக் காலத்து வேலைதான்.

கடைசியாகப் பரீட்சை. மின்னோட்டம் ஏன் ஸ்கேலர் என்று காரணம் கேட்டால் இப்படி எழுது: மின்னோட்டத்துக்கு எண்மதிப்பும் பாயும் திசையும் இருந்தாலும் அது வெக்டர் கூட்டல் விதிக்கு உட்படுவதில்லை, ஒரு சந்தியில் சேரும் மின்னோட்டங்கள் கம்பிகளுக்கு இடையிலான கோணத்தைப் பொறுத்து அமையாமல் சாதாரண எண்களாகக் கூட்டப்படுகின்றன, ஆகவே அது ஸ்கேலர். பக்கத்தில் மூன்று கம்பிச் சந்தியின் சின்னப் படம் போடு. நிறை, எடை வித்தியாசம் கேட்டால் நிறை 50 கிலோகிராம், ஸ்கேலர், எங்கும் மாறாது; எடை 490 நியூட்டன், புவிமையம் நோக்கி, வெக்டர், நிலவில் சுமார் 81 நியூட்டன் என்று எண்ணோடு எழுது, கடையில் எடை என்று கிலோவில் சொல்வதை விடைத்தாளில் கொண்டுவராதே. தொகுபயன் விசை (எல்லா விசைகளும் வெக்டராகக் கூடி வரும் ஒரே விசை) கேட்டால் 5 நியூட்டன் என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகாதே, கிழக்கே 3, வடக்கே 4 என்றால் விடை 5 நியூட்டன், கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாக சுமார் 53 டிகிரி. வெக்டரைக் குறிக்கும் எழுத்தின் தலையில் அம்புக்குறி போடு, அதன் எண்மதிப்பை மட்டும் குறிக்கும்போது அம்பு போடாதே.